இடுப்புச் சுற்றளவு

மூச்சைப் பிடிக்க வேண்டாம் என்கிறார் ஹஸ்லினா.
பிடித்துத்தான் இருந்தேன். விட்டேன்.
நாடா இரண்டு விரற்கடை நகர்ந்தது.
நூற்று மூன்று.
முந்தைய தீபாவளிக்கு எண்பத்தொன்று.

நேற்றிரவு பத்து மணிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் மட்டும்.
முழங்கை மடிப்பில் பஞ்சு,
மடியில் கேள்வித்தாள்:
கடந்த இரண்டு வாரங்களில்
உங்கள் வாழ்க்கையின் தரம் எப்படி இருந்தது?
ஒன்று என்றால் மிக மோசம், ஐந்து என்றால் மிக நன்று.
மூன்றைச் சுற்றி வட்டம் போடுகிறேன்.
மூன்று பத்திரமான எண்.
மூன்று போட்டவனை யாரும் தனியறைக்கு அழைப்பதில்லை.

பசியைப் பற்றி ஒரே ஒரு கட்டம்.
அதற்குள் எப்படி எழுதுவது,
மாத்திரை இறங்கி முக்கால் மணியில்
வயிற்றில் ஒருவன் எழுந்து உட்காருவதை?
குரல் காலி செய்த அறைக்குக் குடிவந்தவன்.
வாடகை தராதவன்.
இரவு ஒன்றரைக்கு என்னை எழுப்பிக்
குளிர்பெட்டி வெளிச்சத்தில் நிற்க வைப்பான்.
அக்கா மகனுக்கு எடுத்துவைத்த கேக்,
அது தீர்ந்ததும்
வெறும் ரொட்டி, நின்றபடியே, ஏழு துண்டு.

குரல் இருந்தபோது இப்படியில்லை.
தெக்கோங்கில், விளக்கணைந்த பிறகு,
சார்ஜெண்ட்டின் தொண்டையில் அது பெயர் வாசிக்கும்.
கட்டில் கட்டிலாக, ஒன்று விடாமல்.
என் பெயரை மட்டும் விட்டுவிடும்.
பதினோரு இரவு பதில் சொல்லக் காத்திருந்தேன்.
சாப்பிட்டேனா, நினைவில்லை.
அந்த வாரம்தான் இரண்டு புள்ளி நாலு கிலோமீட்டரைப்
பத்து நிமிடம் பதினெட்டு வினாடியில் முடித்தேன்.
பிளட்டூனில் இரண்டாவது.
பின்னால் அது வந்துகொண்டிருந்தது, வேறென்ன.

சிராங்கூன் ரோட்டில் பூ வாங்கும்போது
கோமளவல்லி அத்தை என் கன்னத்தைப் பார்த்தாள்,
பிறகு வயிற்றை.
"என்னடா இன்பா, ஆளே மாறிட்ட?
மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குப் போறியாமே?"
அம்மா மல்லிகையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:
"சுகர் செக்கப்."

ஒன்றரை வருடமாகச் சொல்கிறாள்.
மின்தூக்கியில், கோயில் வரிசையில், தொலைபேசியில்.
சுகர் நல்ல வார்த்தை.
யாரும் ஓரடி தள்ளி நிற்பதில்லை;
பாகற்காய் ஜூஸ் குடி என்பார்கள்.
மற்றதற்கு எங்கள் வீட்டில்
இன்னும் ஒரு சொல் வந்து சேரவில்லை.

இன்று காலை ரத்தம்: ஆறு புள்ளி ஆறு.
எல்லையில் நிற்கிறது, தாண்டவில்லை என்றார் டாக்டர்.
அம்மாவின் பொய்
அத்தனை நாள் நடந்து
உண்மையின் வாசல்வரை வந்துவிட்டது.

மாத்திரையை மாற்றலாமா என்று கேட்டேன்.
மாற்றலாம், மெதுவாக, என்றார்.
அந்த "மெதுவாக"வுக்குள்
பெயர் வாசிக்கும் சத்தம் திரும்பி வருமா என்பதை
அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

இரவு, பொத்தோங் பாசிரில், சாப்பாட்டு மேசையில்
அப்பா தன் சுகர் பெட்டியைத் திறந்தார்.
பேருந்து ஓட்டிவிட்டு வந்த சட்டையைக்கூட மாற்றவில்லை.
தன் விரலைக் குத்தினார்.
புது ஊசி மாட்டி என் பக்கம் தள்ளினார்.
"ஓரத்துல குத்து, நடுவுல வலிக்கும்.
கோப்பி இனிமே கோசோங்தான் நமக்கு."

நமக்கு.
வார்டில் மூன்று வாரம் தினமும் வந்து
ஜன்னலோடு பேசிவிட்டுப் போனவர்.

கேள்வித்தாளின் கடைசிப் பக்கம் என்னிடமே இருக்கிறது.
அடுத்த முறை தரலாம் என்றிருக்கிறார் ஹஸ்லினா.
வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?
மூன்று கோடுகள். போதவில்லை, ஓரத்திலும் எழுதினேன்:

காலாங் ஆற்றோரம் நடந்தேன்.
இரண்டு புள்ளி நாலு. முப்பத்தொரு நிமிடம்.
நடுவில் மழை பிடித்தது,
பாலத்தடிக்கு ஓடினேன், நூறடி இருக்கும்.
காதருகே யாரோ
புஸ் புஸ்ஸென்று இரைத்தார்கள்.
திரும்பிப் பார்க்கவில்லை.
என் மூச்சுதான் என்று
உடனே தெரிந்தது.