முகூர்த்தம் இல்லாத மாதம்

மார்கழியில் கல்யாணம் இல்லை.
பந்தல்காரர் சேவுகன் மகளைப் பார்க்கப் போய்விட்டார்.
நாதஸ்வரக்காரர் கோயிலுக்குப் போகிறார்.
நான் கேமராவை எடுத்துக்கொண்டு
விமானம் இறங்காத ஓடுதளத்துக்கு.

செட்டிநாட்டு ஓடுதளம். போர்க்காலத்தில் போட்டதாம்.
தளம் பிளந்த இடமெல்லாம் புல்,
புல்லெல்லாம் பனி.
கேட்டைத் திறக்கும் காவலாளி சாத்தையாவுக்கு
தினமும் ஒரே கேள்வி:
"இன்னைக்காவது நேராப் பார்த்துச்சா?"

பூனைப்பருந்து.
எங்கோ வடக்கே, உறைந்துபோன புல்வெளியிலிருந்து வந்தது.
சாம்பல் நிற ஆண்; இறக்கை நுனி மட்டும்
மையில் தொட்டெடுத்த கறுப்பு.
உயரே வட்டமிடும் பருந்துதான் எனக்குப் பழக்கம்.
இது முழங்கால் உயரத்தில்,
தொலைத்த தோட்டைத் தேடுகிறவள்போல,
புல்லை வரிவரியாகப் பார்த்துக்கொண்டே போகிறது.

பதினேழு வருஷமாக என் தொழிலுக்கு இரண்டே வாக்கியம்:
"இங்க பாருங்க."
"கொஞ்சம் சிரிங்க."
கழுத்துரு கனத்தில் குனிந்த பெண்கள்கூட
எனக்காக நிமிர்ந்திருக்கிறார்கள்.
இங்கே வாய் திறந்தால் போயிற்று.

கருவேல நிழலில் வயிறு பதியக் கிடக்கிறேன்.
சட்டைக்குள் செம்மண்.
ஐஎஸ்ஓவைக் கூட்டுகிறேன், குறைக்கிறேன்,
என் மூச்சுப் பட்டே கண்ணாடி மங்குகிறது.
துடைப்பதற்குள்
இறக்கைகள் மேலே கூடி ஒரு கணம் நின்றன,
கால் நீண்டது,
விழுந்துவிட்டது.

புல் அசையவில்லை.
எண்ணினேன். முப்பத்தொன்று வரை.
எழுந்தபோது பிடியில் வயலெலி,
வால் மட்டும் இன்னும் உயிரோடு.
அப்போது திரும்பியது
ஆந்தைபோல் தட்டையான அந்த முகம்.

அன்றைக்கு நானூற்றுப் பன்னிரண்டு படம்.
அந்த ஒன்றில்
புல்நுனிப் பனித்துளி ஊசிமுனைத் தெளிவு.
பின்னால் சாம்பலாய் ஒரு கலங்கல்,
கலங்கலுக்குள் இரண்டு மஞ்சள் புள்ளி.
எந்தப் போட்டிக்கும் ஆகாது.
சாத்தையா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு
திரையை மூக்கருகே வைத்துக்கொண்டார்.
"பார்த்திருக்கு," என்றார்.

தையில் முதல் கல்யாணம், பள்ளத்தூரில்.
ஆல்பத்தைப் புரட்டிய மாப்பிள்ளையின் சித்தப்பா
ஐயாயிரம் பிடித்துக்கொண்டார்:
"ஒருத்தர்கூட கேமராவைப் பார்க்கலையேப்பா."

உண்மைதான்.
நான் யாரையும் கூப்பிடவில்லை.
ஒரு படத்தில், வீடே தாலியைப் பார்த்திருக்க,
பெண் மட்டும் முற்றத்துக்கு மேலே
திறந்து கிடந்த வானத்தைப் பார்க்கிறாள்.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன்.
அவள் கண்ணில் ஓட்டு விளிம்பு தெரிகிறது,
அதற்கு மேல் புள்ளி புள்ளியாக உடைந்துவிடுகிறது.