பின்னணியில் ஓடுபவை

நீரிணையை மூடிவிட்டார்கள். காற்று நூற்றுப்பத்து.
போர்வெனிர் துறையில் கட்டிக் கிடக்கிறது எங்கள் படகு.
எஞ்சின் அறையில் நான்,
நாற்பத்தொரு விழுக்காட்டில் என் போன்.

மதியம் தொண்ணூறு இருந்தது.
யாரையும் அழைக்கவில்லை, படம் பார்க்கவில்லை,
கோட்டுப் பைக்குள் சும்மா கிடந்தது.
சும்மா கிடப்பது இப்படி இளைக்காது.

புந்தா அரேனாஸ் வரியில்லாச் சந்தையில்
விரிசல் திரையோடு வாங்கியது.
பூட்லோடரைத் திறந்து,
கம்பெனி வைத்ததையெல்லாம் வழித்தெறிந்து
ரூட் செய்தவன் நான்தான், எண்ணெய்க் கறை படிந்த இதே விரலால்.
அதன் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க எனக்கு உரிமை உண்டு.
பார்த்தேன்.

நாற்பத்தேழு பேர் குடியிருந்தார்கள்.
ஒருவரும் வாடகை தருவதில்லை.

வங்கிச் செயலி:
‘இந்தக் கருவி நம்பத்தக்கதல்ல’ என்று
ரூட் செய்த நாள்முதல் என்னை வாசலிலேயே நிறுத்துகிறது.
அது மட்டும் உள்ளே.
கால்மணிக்கொரு தரம் எழுந்து
நான் திருந்திவிட்டேனா என்று பார்த்துவிட்டுப் படுக்கிறது.

காலடி எண்ணும் செயலி:
நாளெல்லாம் உட்கார்ந்திருந்தவனுக்குப்
பதினோராயிரம் அடி.
அலை நடந்ததை என் கணக்கில் எழுதியிருக்கிறது.
பாராட்டாக ஒரு கோப்பைப் படம் வேறு.

மூன்று வருடத்துக்கு முன் பாதியில் விட்ட
நார்வே மொழிப் பாடம்.
‘மீன்’ என்று ஒருமுறை சொல்லிவிட மாட்டேனா என்று
இன்னும் விளக்கெரிய உட்கார்ந்திருக்கிறது.

நிறுத்தினேன்.
விரலை எடுக்குமுன் எழுந்துவிட்டன.
வானிலையைக் கொன்றால் வரைபடம் எழுப்புகிறது,
வரைபடத்தைக் கொன்றால் டாக்சி,
டாக்சியைக் கொன்றால் மறுபடி வானிலை.
எங்கள் மாலுமிகள் சங்கத்தில்கூட
இவ்வளவு ஒற்றுமையை நான் கண்டதில்லை.

கொன்றால் போதாது, உறையவைக்க வேண்டும்.
கறுப்புத் திரையில்
வால்வு வால்வாக மூடுகிற பொறுமையோடு
பெயர் பெயராக அடித்தேன்.
கடைசியில் மிஞ்சியது
செய்தி வருகிற பச்சைக் குறி.
பட்டியலில் அதிகம் தின்பவன் அவன்தான்.
அவனையும்.

விடிந்தபோது முப்பத்தொன்பது.
பத்து மணி நேரத்துக்கு இரண்டே விழுக்காடு!
யாரிடமாவது காட்டியாக வேண்டும்போல் இருந்தது.
சமையல்காரர் எவாரிஸ்தோவை எழுப்பிக் காட்டினேன்.
கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்.
“ராத்திரி உன்னை யாரும் தேடலையா?”

பச்சைக் குறியை உருக்கினேன்.
ஏழும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன.

9.12 நத்தாலேஸ் பஸ் வந்துவிட்டது அப்பா
9.40 படகு இல்லையாமே?
10.05 நீங்கள் எந்தக் கரையில்?
10.06 வீட்டுச் சாவி உங்களிடம்
11.30 இங்கே ஹீட்டரை அணைத்துவிட்டார்கள்
12.50 மீன் லாரிக்காரரும் மனைவியும் தங்கள் வீட்டுக்கு வரச் சொல்கிறார்கள், போகட்டுமா?
1.02 போகிறேன்

பன்னிரண்டு நிமிடம்.
அந்தப் பன்னிரண்டு நிமிடம்
என் போன் ஒரு துளி மின்சாரம் செலவழிக்கவில்லை.

மிலென்கா உடனே எடுத்தாள்.
ரொட்டி மென்றுகொண்டிருந்தாள். பின்னால் ஏதோ குழந்தை சிரித்தது.
“ஏன்ப்பா பதிலே இல்லை?”
“பேட்டரியைச் சேமித்துக்கொண்டிருந்தேன்.”
“எதுக்கு?”

அதற்கும் பதில் இல்லை என்னிடம்.

காற்று தணிந்ததும் எஞ்சினைக் கிளப்பினேன்.
சூடேற இருபது நிமிடம்
எங்கும் போகாமல், டீசலைத் தின்றபடி
அது சும்மா ஓடியாக வேண்டும்.
அந்த நேரத்தில் பச்சைக் குறிக்கு ஒரு வரி எழுதினேன்:
இவனை எப்போதும் தடுக்காதே.
வங்கிக்கு எழுதவில்லை.

காலடி எண்ணுவதையும் உருக்கிவிட்டேன்,
ஏனென்று கேட்காதீர்கள்.
நீரிணை நடுவில்
ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தவனை
அது எண்ணத் தொடங்கியது.
மறுகரையில் கயிறு வீசும்போது பார்த்தேன்:
நாலாயிரத்து முந்நூறு அடி
அவளை நோக்கி நடந்திருக்கிறேனாம்.