பனிக்கு எவ்வளவு உயரம்

கடை பூட்ட அரை மணி இருக்கத் தவரூபன் வந்தான்.
"அக்கா, பனிக்குள்ள வேட்டைக்குப் போற பூட்ஸ் இருக்கா?"
வெளியே மத்திய வீதியில்
ஆவணி வெயிலுக்கு இளகிய தார்
போகிறவர் செருப்பை எல்லாம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.
விசிறிக்குக் கீழே நின்றும் என் முதுகு தெப்பம்.

கார்த்திகையில் பயணமாம்.
கனடாவில் காட்டோரம் அத்தானுக்கு வேலை,
அனுமதிச் சீட்டு எடுத்தால் வருசத்துக்கு ஒரு மான்.
"சுடுறது அவர். தூக்கிறது நான்."

மூன்று உயரம் இருந்தது என்னிடம்.
கணுக்காலுக்கு மேல் நாலு விரல், வாயிற்காவலர் வாங்குவது.
நடுக்கெண்டை வரை வருவது மீன் துறைமுகத்துக்கு.
முழங்காலை முட்டுவதைத் தம்பலகாமத்தில்
மருந்தடிக்கிறவர்கள் கேட்பார்கள்;
விதைக்கிறவன் எப்போதும் வெறுங்காலோடுதான் இறங்குவான்.

சேற்றை எனக்குத் தெரியும்.
பூட்ஸைத் தன் பிள்ளை என்று வைத்துக்கொள்ளும்,
காலை மட்டும் திருப்பித் தரும்.
பனி என்ன செய்யும்?
பிடிக்குமா, விடுமா,
வாய்வழியே புகுந்து
ஈரத்துணி மாதிரிச் சுற்றிக்கொள்ளுமா?

தெரியாத ஒன்றுக்கு அளவு சொல்லி விற்றுப் பழக்கமில்லை.
மூன்று சோடியையும் முச்சக்கரவண்டியில் போட்டோம்,
கொட்பேக்கு.

ஐஸ் அரைக்கிற இடத்தில் நசூர்தீன் சிரித்த சிரிப்பில்
இரண்டு சூரை பெட்டியிலிருந்து வழுக்கி விழுந்தன.
ஆனாலும் மண்வெட்டியால் அள்ளிக் குவித்துத் தந்தான்,
முழங்கால் உயரத்துக்கு ஒரு வெள்ளை மேடு.
மீன் மணக்கிற பனி.

குட்டை பூட்ஸ் இரண்டாம் எட்டிலேயே நிறைந்துவிட்டது.
கழற்றிக் கவிழ்த்தபோது
ஒரு கோப்பை ஐஸும் ஒரு செதிலும்.

நெட்டைக்குள் ஒரு துகள்கூடப் போகவில்லை.
அவன் முகம் மலர்ந்தது.
"பத்துத் தரம் ஏறி இறங்கு" என்றேன்.
நாலாவதில் விளிம்பு முழங்கால் மடிப்பைக் கடித்தது,
ஏழாவதில் ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான்.
"காலில் கூடின கிராம்
பின்னேரம் கிலோவாகும் தம்பி.
மானையும் நீதானே தூக்க வேணும்?"

நடுவிலானது:
ஐஸ் விளிம்பு மட்டும் வந்தது,
நின்றது,
யோசித்தது,
கொஞ்சம் உள்ளே போனது.

முடிவெடுக்காமல் திரும்பி வந்தால்
கடை வாசலில் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான் ஒன்று,
நான் வெளியே விட்டுப்போன சப்பாத்துப் பெட்டியின் மூடியை
மென்றுகொண்டிருந்தது.
இந்த ஊரில் மானை யார் கலைப்பது?
பஸ் கூட அதற்கு நின்றுதான் போகும்.

எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது,
அளவு நாடாவை எடுத்துக்கொண்டு குந்தினேன்.
குளம்பிலிருந்து முட்டு வரை பன்னிரண்டரை அங்குலம்.
ஒருமுறை காலை உதறியது,
பிறகு அட்டைதான் முக்கியம் என்று விட்டுவிட்டது.

"இதுக்கு மேலே புதையிற பனியில மான் நிற்காது.
மான் நிற்காத இடத்தில உனக்கென்ன வேலை?"

"அங்கத்த மான் பெரிசு அக்கா. ஒட்டகம் அளவு."

"அப்ப அதை அளந்து எனக்கு எழுது."

நடுவிலானதையே எடுத்தான்,
இரண்டு காலுறைக்கு இடம் விட்டு ஓர் அளவு கூட.
விளிம்பைச் சுற்றிக் கட்ட
பழைய மழைக்கோட்டில் இரண்டு பட்டி வெட்டிக் கொடுத்தேன்,
அதற்குக் காசு வாங்கவில்லை.
பெட்டி வேண்டாம் என்றான், பாரம்.
உள்ளே திணித்திருந்த தாளையும் உருவி வெளியே போட்டான்.
மான் அதையும் முகர்ந்தது.

வாசலை அடைத்துக்கொண்டு நின்றது அது.
பூட்ஸ் இரண்டையும் நெஞ்சோடு அணைத்தபடி,
சுவரோடு சுவராக ஒட்டி,
தின்கிறதைக் குழப்பாமல்
சுற்றிக்கொண்டு போனான் வேட்டைக்காரன்.