காலி தூரம்

மழைநாளில்தான் எங்களைக் கூப்பிடுவார்கள்.
மூன்று நாளாய்ப் பால்வெட்டு இல்லை.
குலசேகரம் ரப்பர் பால் ஆலையில்
இரண்டாம் டேங்க் வற்றிக் கிடக்கிறது.
கழுவிக் காற்றடித்து கேஸ் மீட்டர் வைத்துப் பார்த்தாயிற்று;
அமோனியா மட்டும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

பெல்சின் முன்னால் ஏணியில்.
பின்னால் நான், தோளில் ரேடார்,
துணி சுற்றி, தூங்கும் பிள்ளையைப் போல.

இது பாலைப் பார்ப்பதில்லை.
ஓர் அலையை இறக்கிவிட்டு
அது திரும்பும் நேரத்தை எண்ணும்.
எவ்வளவு இல்லை என்பதுதான் இதற்குத் தெரியும்.
இருப்பதைக் கழித்துக் கண்டுகொள்ள வேண்டும்.

நுரை அலையைக் குடித்துவிடும்.
அதனால் டேங்குக்குள் ஓர் அளவுக்குழாய்
மேலிருந்து தரை வரை,
பால் உள்ளே ஏறியிறங்கப் பக்கத்தில் துளைகள்.
ரேடாரின் கழுத்துக்கோடு
அந்தத் துளைகளுக்கு நேரே நிற்கவேண்டும்.
நின்றதோ பேச்சிப்பாறையைப் பார்த்து.
போல்ட் எட்டையும் கழற்றி
ஒரு துளை திருப்பினோம். மழை கூடிற்று.

திரையில் எண் வந்தது:
1.37 மீட்டர்.

"காலி டேங்க்ல யாருடே பால் விட்டது?"
போனில் சுகுமாரன் சார்.
பெல்சின் என்னைப் பார்க்கவில்லை.
இரண்டு துண்டுக் குழாயை ஒட்டியது அவன்.
"வெளிய தடவிப் பாரு அக்கா,
நகம் மாட்டாது."
மாட்டவில்லைதான்.
ஆனால் அலை வெளியே போவதில்லையே.

செயின் கட்டிக் குழாயை உருவினோம்.
டார்ச் அடித்தால் உள்ளே, ஒட்டின இடத்தில்,
பயறு அளவு ஒரு கட்டி.
கமுகு வாரியில் உப்புத்தாள் சுற்றி
அவன் ராவினான், மதியச் சோறு ஆறும்வரை,
யாரோடும் பேசாமல்.

திரும்ப மாட்டியபோதும்
அதே இடத்தில் ஒரு முனகல்.
சரி.
இது பால் இல்லை,
இது எங்கள் தழும்பு என்று
காலி டேங்கின் எதிரொலியை அதற்குப் பதியவைத்தேன்.
மறப்பதற்காக ஒன்றை
இப்படி நினைவில் எழுதவேண்டியிருக்கிறது.

மறுநாள் வெயில்.
பத்தரை மணிக்கு முதல் லோடு வந்தது.
0.42.
0.90.
பெல்சின் டீயைக் குடிக்காமல் பிடித்திருந்தான்.
1.35.
1.36.
1.37.

அங்கேயே நின்றது.
பம்புக்காரர் பீடியை அணைத்துவிட்டு
யாரையோ கூப்பிடப் போனார்.
நான் என் கையெழுத்தை நினைத்தேன்,
இன்னும் போடாத படிவத்தில்.

1.38.

"தாண்டிட்டு" என்றான்,
ஆறின டீயை ஒரே மூச்சில் குடித்தான்.
படிவத்தில் எழுதினேன்:
டேங்க் உயரம் 4.20,
காலி தூரம் 2.82.
தழும்புக்கு அதில் கட்டம் இல்லை.

தக்கலை பஸ்ஸில் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள்.
மூக்கைச் சுளித்து
சேலைத் தலைப்பால் பொத்தி
எதிர் சீட்டுக்கு எழுந்து போனாள்.
ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து
அந்தக் காலி இடத்தில்
என் டூல் பையை வைத்துக்கொண்டேன்.