பின்னாடி முப்பத்தெட்டு

என் பக்கக் கதவைத் திறந்தால்
தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்.
மூன்று பொம்மைக்கு ஒரு எண்.
எட்டு பொம்மையும் ஒரு பெட்டியும் என்றால் இன்னொன்று.
அத்தோடு முடிந்தது கம்பெனியின் கற்பனை.

கம்பத்தில் விடிகாலை நாலரைக்கு
என் டவேராவில் ஏறும் பதிமூணு பேரை
அந்தப் பொம்மைகளை வரைந்தவன் பார்த்ததில்லை.
அவர்கள் மடியில் தூக்குவாளி,
வாளிக்குள் பழையது,
இடுப்பில் கட்டும் ஏலக்காய்ச் சாக்கு,
மழைக்குச் சுற்றிக்கொள்ளும் பாலித்தீன் தாள்.
எல்லாம் எடைதான்.

டயர் சூடாகும் முன்னே காற்றைப் பார்க்க வேண்டும்.
காஜா மைதீன் பாதித் தூக்கத்தில் குழாயோடு வருவான்.
"எவ்வளவுண்ணே?"
முன்னாடி முப்பது. பின்னாடி முப்பத்தெட்டு.

யாரும் சொல்லித் தந்ததில்லை இதை.
முப்பத்தஞ்சில் ஒரு வருஷம் ஓட்டினேன்,
டயரின் இரண்டு ஓரமும் மழுங்கி
நடு மட்டும் புதுசாகக் கிடந்தது.
நாற்பத்திரண்டில் ஓட்டிய ஆடி மாசம்
ஒன்பதாவது வளைவில், ஈர இலைமேல்
பின்பக்கம் ஒரு முழம் நழுவ,
விருமாயி செத்துப்போன என் அப்பனையும் சேர்த்துத் திட்டினாள்.
தேய்ந்த ரப்பரும் வாங்கிய வசவும்
கூடிப் பேசி முடிவு செய்த எண்
முப்பத்தெட்டு.

போன திங்கள்
பவுன்தாய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.
"அண்ணே, கொஞ்சம் காத்தை எறக்குனா என்ன?
குலுக்கல்ல வயிறு கல்லாட்டம் இறுகுது."

ஏழாம் மாசம்.
கடைசி சீட்டு, சரியாகப் பின் அச்சுக்கு மேலே
அவள் இடம்.

குனிந்து டயரைப் பார்த்தேன்.
இறக்கலாம்.
முப்பத்திரண்டு வைத்தால் பள்ளமெல்லாம் பஞ்சு.
ஆனால் இத்தனை பேரைத் தாங்கும் பக்கச்சுவர்
மடங்கி மடங்கிச் சூடேறி
பாதி மலையில் வெடித்தால்
அதற்குக் குலுக்கல் என்று பெயரில்லை.
இப்படியே போனால்
ரோட்டுக் கல் ஒவ்வொன்றும் அவள் வயிற்றைத் தட்டும்.
கம்ப்ரஸர் தடதடவென்று அவசரப்படுத்தியது.

"ரெண்டு பேர் எறங்குனா காத்தை எறக்கலாம்" என்றேன்.
யாரும் அசையவில்லை.
இறங்கினால் அன்றைக்குக் கூலி இல்லை.
எனக்கும் இரண்டு ஆள் வாடகை இல்லை,
அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முன்சீட்டு விருமாயிக்குச் சொந்தம்,
பதினோரு வருஷமாக.
வளைவில் வாந்தி வரும் என்பது காரணம்.
வந்து நான் பார்த்ததில்லை.
அவள்தான் கதவைத் திறந்து இறங்கினாள்.
"காத்துல என்னத்தடி இருக்கு,
எல்லாம் ஒக்கார்ற எடத்துல இருக்கு. வா முன்னால."
முழங்காலை மடக்கி, முனகி,
கடைசி சீட்டுக்குள் நுழைந்தாள்.
கனத்த பொம்பளை.
பின்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்தது.

"காஜா, முன்னாடி ரெண்டு குறை.
பின்னாடி ஒண்ணு கூட்டு."
அவன் என்னைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான்,
ஒன்றும் கேட்கவில்லை.

கம்பமெட்டு செக்போஸ்டில் பனி.
கேரளத்துப் போலீஸ்காரர் டார்ச் அடித்து
முந்தானைகளை எண்ணினார்.
"பதினொண்ணு, பந்த்ரண்டு, பதிமூணு.
இது ஓவர்லோடாணு கேட்டோ."
வழக்கமான நூறு கை மாறியது.
எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது.
நான் திருத்தப் போகவில்லை.

சாயங்காலம் இறங்கும்போது மழை.
காலையில் ஏறியதைவிட எல்லோரும் கனம்:
நனைந்த சேலை, ஒரு பலாப்பழம், விறகு.
பவுன்தாய் வாயைத் திறந்து தூங்கினாள்,
ஏலக்காய்ப் பால் கறுத்த விரல்கள்
வயிற்றின்மேல் கிடந்தன.
பின்னாலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும்
ஒரு வசவு வந்துகொண்டே இருந்தது.

கூடலூர் விலக்கில் இறங்கி
இடுப்பைப் பிடித்துக்கொண்டு விருமாயி
என் ஜன்னலைத் தட்டினாள்:
"எலும்பு அம்புட்டையும் எண்ணிட்டேன்டா.
நாளைக்கு முப்பத்தெட்டே வையி."