முப்பத்து நான்காவது வாரம்

தெக்காவுக்குப் பதினோரு கிலோமீட்டர் இருக்கையில்
பின்சக்கரம் முனகத் தொடங்கியது.
நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.
அது அதைவிடச் சத்தமாக வைத்தது.

சரளைக்கல் ஒன்று, உடைந்த கத்திமுனை போல,
டயரின் விலாவில் ஏறியிருந்தது.
பாதத்தில் ஏறினால் ஒட்டு போடலாம்.
விலாவுக்கு ஒட்டு இல்லை. அது எனக்கே தெரியும்.

ஸ்டெப்னி மாட்ட நாற்பது நிமிடம்.
பாட்டகோனியாவில் குனிந்து நிற்பவனைக்
காற்று சும்மா விடுவதில்லை.
தொப்பி போயிற்று. துரத்தவில்லை.
வானம் முழுக்க இவ்வளவு காற்று வீணாய்ப் போக,
ஒரு டயருக்குள் மட்டும் இல்லை.

டெல்ஃபினா கிலாக்கேயோவின் கடையில்
கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.
எனக்கு மாத்தே ஊற்றவில்லை.
செத்த டயரைக் கழற்றி, உள்ளே கைவிட்டு,
ஆட்டின் ஈரலைத் தேடுகிறவள் போலத் துழாவி,
கல்லை எடுத்து மேஜையில் வைத்தாள்.
"வேணுமா?"
வேண்டாம் என்றேன்.

என் அளவில் மூன்று இருந்தன.

முதலாவது, அப்படி ஒரு கறுப்பு.
அவள் செருகிய தீக்குச்சியின் தலை
பள்ளத்துக்குள் முழுசாக மறைந்தது.
விலை, இரண்டு பேர் ஒருவேளை சாப்பிடும் காசு.
கையை நீட்டிவிட்டேன்.
அவள் ஈரத்துணியால் விலாவைத் துடைத்தாள்.
பளபளப்பு துணிக்கு வந்துவிட்டது.
அடியில் பித்தவெடிப்பு விழுந்த குதிகால்.
"பூசினது என் மருமகன்," என்றாள், வெட்கமில்லாமல்.
பிறகு நான்கு எண்களின்மேல் விரலை ஓட்டினாள்: 3411.
"பதினொன்றாம் வருஷம், முப்பத்து நான்காவது வாரம்.
ஓடவே இல்லை இது.
கொட்டகையில் சும்மா இருந்தே கிழடாகிவிட்டது."

இரண்டாவது இரண்டு ஒட்டு வாங்கியது,
ஒரு தோள் மட்டும் தேய்ந்தது.
மூன்றாவது புதிது.
பூனைமீசை போல ரப்பர் ரோமம்கூட உதிரவில்லை.
விலை கேட்டேன்.
காது கேளாதவன் போல இன்னொருமுறை கேட்டேன்.
அதே விலைதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்:
இந்தக் கார் இப்போது என்னுடையது இல்லை.
தேரையின் பெயர் வைத்துக்கொண்ட பாசோ தெல் சாப்போவில்
ரொசால்பா நவெல்கீர் என்கிற நர்ஸுக்கு விற்றாயிற்று.
முன்பணம் வாங்கி, அதுவும் செலவாகி, ஒன்பது நாள்.
கொண்டுபோய் விடுவதுதான் பாக்கி.
என் கணக்கில் இந்த டயருக்கு ஒரே ஒரு பிற்பகல்தான் ஆயுள்.

டெல்ஃபினா கேட்டாள், "யார் ஓட்டறது?"
"நான்தான். சாப்போ வரைக்கும்."
"அப்புறம்?"

போனில் அந்தப் பெண்
எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்கவில்லை.
இன்ஜினைப் பற்றிக் கேட்கவில்லை.
ஹீட்டர் வேலை செய்யுமா, அதை மட்டும் கேட்டாள்.
ராத்திரியில் கூப்பிடுவார்களாம்,
தொலைவில் இருக்கும் பண்ணைகளிலிருந்து.
செய்யும் என்றேன்.
அது உண்மை. வேறு எதைக் கேட்டிருந்தாலும்
கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பேன்.

கதவு தானாக அடித்துச் சாத்தியது.
கெட்டில் மூடி ஆடியது.
நான் நெடுநேரம் அந்த 3411-ஐயே பார்த்தேன்,
அந்த வாரம் நான் எங்கே இருந்தேன் என்று
யோசிப்பவன் போல. யோசிக்கவில்லை.
காசை எண்ணிக்கொண்டிருந்தேன், பைக்குள்ளேயே, விரலால்.

புதிதையே மாட்டச் சொன்னேன்.
நல்ல மனசு என்று யாரும் நினைக்கவேண்டாம்;
தள்ளுபடி கேட்டேன், கிடைக்கவில்லை,
சாப்போவில் பாதி விலையை
அந்தப் பெண்ணிடம் கேட்பதா கூடாதா என்பதில்
இன்னமும் இரண்டு மனசு.
திரும்பும் பஸ்ஸுக்குக் காசு ஒரு நூலளவு குறைகிறது.

பில்லில் என் பெயரைக் 'கிரிபிஸ்' என்று எழுதினாள்.
திருத்தவில்லை.
காற்று நிரப்பி, அழுத்தம் பார்த்து,
எச்சில் தொட்டு வால்வில் வைத்து,
குமிழி வராததைக் காட்டினாள்.
"காத்துக்குக் காசில்லை," என்றாள்.
அந்த ஊரில் அதைச் சொல்லிச் சிரிக்காமல் இருக்க
அவளால் மட்டும்தான் முடியும்.

சரளை மறுபடி தொடங்கிய இடத்தில்
வேகத்தைக் குறைத்தேன்.
நான்கு சக்கரமும் நான்கு விதமாகப் பேசின,
ஒன்று மட்டும் சின்னக்குரலில், ரோமம் உதிர.
ஏப்ரல்தான், குளிர் இன்னும் வரவில்லை.
இருந்தாலும் ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன்.

வேலை செய்தது.