முக்கால் தொட்டி

மார்சிலிங் சமூக மன்றத்தில்
குளிரைக் கூட்டி வைத்திருந்தார்கள்.
கேள்வி ஒன்றே ஒன்று:
அக்கரை எண்பலகை வண்டிகளைக்
காலை ஆறிலிருந்து ஒன்பதுவரை
உள்ளே விடாமல் இருக்கலாமா?
ஆம் என்பவர்கள் கை தூக்கலாம்.

தூக்கினேன்.
இடது கையை.
வலது கை இப்போது அவ்வளவு உயராது,
போன ஆகஸ்டில்
ஜே என்று தொடங்கும் ஒரு மோட்டார் சைக்கிள்
தட்டிவிட்டுப் போனதிலிருந்து.
மீதி எழுத்துகளை நான் பார்க்கவில்லை.
"பார்த்திருந்தாலும் அம்மா..." என்றார்
காவல் நிலையத்தில் இருந்த பிள்ளை.
வாக்கியத்தை முடிக்காமல்
பேனாவை மூடினார்.

பக்கத்து நாற்காலியில் வேதநாயகம்.
உரிமைச் சான்றிதழின் பத்தாண்டு முடிந்து
ஓடிக்கொண்டிருந்த நல்ல காரை
அறுப்புக்கு அனுப்பியவர்.
"இந்தச் சாலையில் ஓட
லட்சம் வெள்ளி கேட்கிறது எங்களிடம்,
அவனுக்கு மட்டும் சில்லறை போதுமா?"
ஒலிவாங்கி கீச்சிட்டது.
அவர் சொன்னதில் பொய்யில்லை.

பின்வரிசையில் ஒரு சீனப் பெண் எழுந்து
ஏதோ சொன்னார்,
மொழிபெயர்ப்பு வரும்வரை காத்திருந்தோம்.
பாலத்திலிருந்து இறங்கும் இரைச்சலில்
நாலரை மணிக்கே குழந்தை விழித்துக்கொள்கிறதாம்.
யாரோ சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை நாங்களும் போனோம்,
அக்கரைக்கு.
புறப்படும்முன் கிராஞ்சியில் நின்று
முள் முக்கால் தாண்டுகிறதா என்று பார்த்தார் என் கணவர்.
சட்டம். தாண்டாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.
நிறைந்த தொட்டியோடு
மலிவான டயருக்கும்
அரைக்கிலோ நெத்திலிக்கும் அவருடைய முடிவெட்டுக்கும்
இரண்டு மணி நேரம் பாலத்தில் நின்றோம்.
"நம்மளை ஏன் இப்படிக் காக்க வைக்கிறாங்க?"
என்றார் அவர்,
நம்மளை என்பதை அழுத்தி.

சந்தை வாசலில்
சாவியை விரலில் சுழற்றியபடி ஒருவர்
எங்கள் எண்பலகையைப் பார்த்தார்.
"சனி ஞாயிறு வந்தா
எங்க ஊர்ல எங்களுக்கு நிறுத்த இடமில்ல."
தமிழில்தான் சொன்னார்,
எங்களுக்குப் புரியட்டும் என்று.

திங்கள் விடிய மழை.
செனோக்கோவில் மீன் உருண்டை ஆலை,
என் வரிசையில் பன்னிரண்டு பேர்.
ஏழு மணிக்கு நின்றது ஐந்து.
மாவு கெட்டியாகிக்கொண்டிருந்தது.
மேலாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்,
கடிகாரம் என்னுடையது போல.

எட்டு நாற்பதுக்குக் குணவதி வந்தாள்.
மாசாயிலிருந்து.
காற்றுக்கு அடக்கமாக
முன்பக்கம் பின்னாக மாட்டிய ஜாக்கெட்,
காலணியிலிருந்து இரண்டு கோடாகத் தண்ணீர்.
"பாலம், அக்கா."
அவ்வளவுதான்.

கையுறை மாட்டினாள்,
மேல் தட்டிலிருந்து ட்ரேயை எடுத்து
என் முன்னால் வைத்தாள்.
தினமும் அப்படித்தான்.
ஆகஸ்டுக்குப் பிறகு
நான் கேட்டதில்லை, அவளும் சொல்லிக்கொண்டதில்லை.
என்னைத் தட்டிய வண்டி
எந்த எழுத்தில் தொடங்கும் என்று
அவளிடம் சொன்னதுமில்லை.

இன்னொன்றும் சொல்லவில்லை.
மருத்துவ விடுப்பு முடிந்து வந்த முதல் நாள்,
எல்லாரும் உள்ளே போனபின்
நிறுத்துமிடத்தில் அவள் வண்டியை
ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்,
கீறல் இருக்கிறதா என்று.
இருந்தது.
பக்கத்து வண்டியிலும் இருந்தது.
அதற்கடுத்ததிலும்.

தேநீர் இடைவேளையில்
ஜாக்கெட்டைக் குழாயில் விரித்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்:
"வெள்ளிக்கிழமை ஏதோ கூட்டமாமே அக்கா,
எங்க வண்டியப் பத்தி.
நீங்க போனீங்களா?"

போனேன் என்றேன்.

"என்ன பேசினாங்க?"

தேநீர் ஆறியிருந்தது.
அதை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினேன்.

உள்ளே ஒரே குளிர் என்றேன்.